ஒலிம்பஸ் பங்காளிகள்: கிரீஸ் நாட்குறிப்பு

திங்கள், ஏதென்ஸ்

அக்ரோபோலிஸ் குன்று ஏறி வருகிற கூட்டம் நேரே பார்த்தினான் கோயிலுக்குத்தான் போகிறது. நானும் அக்காவும் இடப்பக்கம் திரும்பி, எரெக்தியான் கோயிலின் மேற்குச் சுவரோரம் நிற்கும் ஆலிவ் மரத்தடிக்கு வந்துவிட்டோம். மரம் பிற்காலத்தில் நட்டதுதான். ஆனால் இடம் பழைய இடம். இந்த ஊர் யாருக்கு என்று அறிவுத் தெய்வம் அதீனாவும் கடல் தெய்வம் பொசைடனும் மல்லுக்கு நின்றது இங்கே.

பொசைடன் திரிசூலத்தால் பாறையைக் குத்தினான், உப்புநீர் ஊற்றெடுத்தது. அதீனா ஓர் ஆலிவ் மரத்தை முளைக்க வைத்தாள். வடக்கு மண்டபத்தின் தரையில் ஒரு குழி இருக்கிறது, அதற்கு நேர் மேலே கூரையில் ஒரு திறப்பு. திரிசூலம் பட்ட இடம் என்கிறார்கள் சிலர், தேவராஜன் ஜீயஸின் இடி இறங்கிய இடம் என்கிறார்கள் சிலர். கி.பி. 2ஆம் நூற்றாண்டில் இங்கே வந்த பயண எழுத்தாளர் பாசேனியஸ், கோயிலுக்குள் இருக்கும் உப்புக் கிணற்றில் தெற்குக் காற்று அடித்தால் அலைச்சத்தம் கேட்கும் என்று எழுதியிருக்கிறார். இப்போது கேட்பது செல்ஃபி எடுப்பவர்களின் சத்தம்.

தீர்ப்பு எப்படி வந்தது என்பதற்குப் பல கதைகள். தேவர்களே பஞ்சாயத்தில் உட்கார்ந்தார்கள் என்பது ஒன்று. ரோமானிய அறிஞர் வாரோ சொன்னதாகக் கிறிஸ்தவ ஆயர் அகஸ்டின் எழுதி வைத்திருப்பது வேறு மாதிரி. அதில் ஊர்மக்களே வாக்களிக்கிறார்கள், அப்போது பெண்களுக்கும் வாக்கு உண்டு. ஆண்கள் அத்தனை பேரும் பொசைடன் பக்கம், பெண்கள் அத்தனை பேரும் அதீனா பக்கம். பெண்களில் ஒரு தலை கூடுதல், அதீனா ஜெயித்தாள். ஆத்திரத்தில் பொசைடன் கடலை ஊருக்குள் விட்டான். அவனைச் சாந்தப்படுத்த ஊர் ஆண்கள் செய்த ஏற்பாடு இது: இனிப் பெண்களுக்கு வாக்கு இல்லை, பிள்ளைகளுக்குத் தாயின் பெயர் வராது, பெண்களை ஏதென்ஸ்காரர் என்று அழைக்கவும் கூடாது.

"சண்டை போட்டது ரெண்டு சாமி. தண்டனை ஓட்டுப் போட்டவளுக்கா?" என்றாள் அக்கா. "ஜெயிச்சவ வாயே திறக்கலியா?"

திறந்ததாகக் கதையில் இல்லை.

தோற்றவனை ஊரை விட்டு விரட்டவில்லை என்பதுதான் எனக்குச் சுவாரசியமாகப் பட்டது. கி.மு. 421க்கும் 406க்கும் இடையில் எழுந்த இந்த எரெக்தியானில் அதீனாவுக்கும் பங்கு உண்டு, பொசைடனுக்கும் பங்கு உண்டு. உள்ளே மறதிக்கென்று ஒரு பலிபீடமும் இருந்ததாகக் கிரேக்க எழுத்தாளர் புளுடார்க் சொல்கிறார். இன்னொன்றும் சொல்கிறார். இருவரும் சண்டை போட்ட தேதி போயட்ரோமியோன் மாதத்தின் 2ஆம் நாள்; நமக்கு அது செப்டம்பரை ஒட்டி வரும். ஏதென்ஸ்காரர்கள் அந்த நாளை நாட்காட்டியிலிருந்தே எடுத்துவிட்டார்களாம். முதல் தேதி முடிந்தால் அடுத்து மூன்றாம் தேதி. உடன்பிறந்தவர்களின் பாசம் பற்றிய கட்டுரையில், சகோதரர்கள் சண்டை போட்ட நாளையும் இப்படியே கணக்கில் வைக்கக்கூடாது என்று இதை எடுத்துக்காட்டுகிறார்.

எனக்கு இது அச்சு அசல் பங்காளிச் சண்டையாகத்தான் தெரிகிறது. மூத்த மூன்று சகோதரர்களுக்குள் நடந்த பாகப்பிரிவினையைப் பொசைடனே ஹோமரின் டிராய்ப் போர்க் காவியமான இலியட்டில் சொல்லிக்காட்டுவான்: சீட்டுப் போட்டோம், எனக்குக் கடல், ஹேடிஸுக்குப் பாதாளம், ஜீயஸுக்கு வானம், மண்ணும் தேவர்கள் வாழும் ஒலிம்பஸ் மலையும் பொதுச்சொத்து. ஆகவே என்னை அதட்ட ஜீயஸ் யார் என்பது அவன் கேள்வி. பொதுச்சொத்து என்று ஒன்று இருந்தால் வழக்கும் இருக்கும். ஒரே வித்தியாசம், ஊர்ப் பங்காளிகளில் ஒருவன் செத்தால் வழக்கு ஆறிப்போகும். இவர்கள் சாகவே மாட்டார்கள். எப்படி அடித்துக்கொண்டாலும் மறுநாள் ஒரே பந்தியில் உட்கார வேண்டும்.

மத்தியானம் அக்ரோபோலிஸ் அருங்காட்சியகம். பார்த்தினானின் கிழக்குப் பக்கச் சிற்பவரிசையில் ஒரு பலகை, பொசைடன், ஜீயஸின் பிள்ளைகள் அப்போலோ, ஆர்டெமிஸ் மூவரும் முக்காலியில் வரிசையாக உட்கார்ந்திருப்பது. வரிசையின் மற்றத் தேவர்களில் பெரும்பாலோர் லண்டனில் இருக்கிறார்கள், இவர்கள் அசல். உட்கார்ந்தவர்களின் தலை, பக்கத்தில் நிற்கும் மனிதர்களின் தலை உயரத்துக்கு வருகிறது. எழுந்து நின்றால் கூரை தட்டும். அப்போலோ பின்பக்கம் திரும்பிச் சித்தப்பா பெரியப்பா முறையுள்ள பொசைடனிடம் ஏதோ பேசுகிறான். ஆர்டெமிஸ் தோளில் நழுவும் துணியை இழுத்துவிட்டுக்கொள்கிறாள். அவளுடைய இன்னொரு கை பக்கத்திலிருந்த அஃப்ரோடைட்டியின் கையோடு கோத்திருக்கிறது. கன்னித்தெய்வமும் காமத்தெய்வமும் கைகோத்து உட்கார்ந்திருப்பதைக் கதைகளில் நான் படித்ததில்லை. சிற்பி பார்த்திருக்கிறான்.

இதே மூவரும் இலியட்டின் 21ஆம் காண்டத்தில் வருகிறார்கள். சண்டைக்கு வா என்று பொசைடன் அழைக்க, இலை மாதிரி துளிர்த்து உதிரும் மனிதர்களுக்காக உன்னோடு நான் மோதினால் எனக்குப் புத்தி இல்லை என்று அர்த்தம் என்று அப்போலோ விலகிவிடுவான். ஆர்டெமிஸ் அவனைக் கோழை என்று திட்டுவாள். அதைக் கேட்ட ஜீயஸின் மனைவி ஹேரா அவளுடைய இரண்டு மணிக்கட்டையும் ஒரு கையால் பிடித்துக்கொண்டு, அவளுடைய வில்லைப் பிடுங்கி அதாலேயே காதோரமாக நாலு வைப்பாள். ஆர்டெமிஸ் அழுதுகொண்டே ஓடிப்போய் அப்பா மடியில் உட்காருவாள். கீழே டிராய் சமவெளியில் மனிதர்கள் நிஜமாகவே செத்துக்கொண்டிருப்பார்கள்.

செவ்வாய், நாஃப்லியோ

ஏதென்ஸிலிருந்து பேருந்தில் இரண்டரை மணி நேரம் இருக்கும். ஆர்கோஸ் சமவெளி முழுக்க ஆரஞ்சுத் தோட்டம், காய் இன்னும் பச்சை. ஹேராவின் கோயிலுக்கு, ஹெராயோன் என்கிறார்கள், பேருந்து இல்லை. டாக்ஸிக்காரர் எங்களை இறக்கிவிட்டு, அரைமணியில் பார்த்துவிடலாம், நான் நிழலில் இருக்கிறேன் என்றார். இரண்டு மணி நேரம் ஆயிற்று.

கூரை இல்லை, தூண் இல்லை. மலைச்சரிவில் தட்டுத் தட்டாக அடித்தளக் கற்கள் மட்டும். மேல்தட்டில் இருந்த பழைய கோயில் கி.மு. 423இல் எரிந்துபோனது. கிரிசிஸ் என்ற பூசாரி அம்மாள் மாலைகளுக்குப் பக்கத்தில் விளக்கை வைத்துவிட்டுத் தூங்கிப்போனார். ஐம்பது வருடத்துக்கு மேல் அந்தப் பணியில் இருந்தவர். ஊர்க்காரர்களுக்குப் பயந்து அன்றிரவே ஃப்ளீயஸ் ஊருக்கு ஓடிவிட்டார் என்று வரலாற்றாசிரியர் தூசிடிடீஸ் குறித்து வைத்திருக்கிறார். கீழ்த்தட்டில் புதுக்கோயில் கட்டி, சிற்பி போலிகிளைடஸ் தங்கமும் தந்தமுமாக ஹேராவைச் செய்தார். ஒரு கையில் மாதுளம்பழம், இன்னொரு கையில் செங்கோல், செங்கோலின் உச்சியில் ஒரு குயில். ஜீயஸ் அவளை அடைய வந்தபோது எடுத்த உருவம் அந்தக் குயில். செங்கோல் அவளுக்கு, உச்சியில் உட்கார்ந்திருப்பவன் அவன்.

இந்தச் சமவெளிக்கும் பொசைடன் வழக்குப் போட்டான். நடுவர்கள் இங்கே ஓடும் ஆறுகள்: இனாகஸ், கெஃபிசஸ், அஸ்டீரியோன். ஹேராவுக்குத் தீர்ப்புச் சொன்னார்கள். பொசைடன் அவர்களின் தண்ணீரையே வற்றடித்துவிட்டான். அதனால்தான் மழை பெய்தால் ஒழிய இந்த ஆறுகளில் தண்ணீர் இல்லை என்கிறார் பாசேனியஸ். வரும் வழியில் இனாகஸைப் பார்த்தோம், கூழாங்கல்தான் ஓடுகிறது. ஆரஞ்சுக்குப் பாய்வது கிணற்றுத் தண்ணீர். நடுவராகப் போனவனுக்கு இது கதி. ஏஜினாவில் ஜீயஸிடம், நாக்ஸோஸில் மதுத் தெய்வம் டயோனிசஸிடம், டெல்ஃபியில் அப்போலோவிடம் என்று பொசைடன் தோற்ற ஊர்களின் பட்டியலை புளுடார்க் தருகிறார். இத்தனை தோற்றும் கோபத்தை நெடுநாள் வைத்துக்கொள்ளாதவன் என்று பாராட்டும் உண்டு. ஆறுகளைக் கேட்டால் வேறு சொல்லும்.

இயோ இந்தக் கோயிலின் பூசாரிப் பெண். ஜீயஸின் கண் பட்டது. ஹேரா வருவது தெரிந்ததும் அவளை வெள்ளைப் பசுவாக மாற்றிவிட்டு, நான் அவளைத் தொடவே இல்லை என்று சத்தியம் செய்தான். ஹேரா அந்தப் பசுவைக் கேட்டு வாங்கி, உடம்பெல்லாம் கண்ணான ஆர்கஸைக் காவல் போட்டாள். ஜீயஸ் ஏவ, அவனுடைய தூதன் ஹெர்மஸ் வந்து ஆர்கஸைக் கொன்றான். அந்தக் கண்களை எடுத்து மயில்தோகையில் பதித்தாள் ஹேரா என்பது ரோமானியக் கவிஞர் ஓவிட் சொல்வது. பிறகு ஒரு மாட்டு ஈயை ஏவிவிட்டாள். இயோ கொட்டுக்குப் பயந்து எகிப்து வரை ஓடினாள்.

"அவ புருஷனை ஒரு வார்த்தை கேக்க வேண்டியதுதானே?"

கேட்டிருக்கிறாள், அக்கா. இலியட்டின் 15ஆம் காண்டத்தில் ஜீயஸே ஞாபகப்படுத்துவான்: உன்னை மேகத்திலிருந்து தொங்கவிட்டேனே, காலில் இரண்டு பட்டறைக்கல், கையில் அறுக்க முடியாத தங்கச் சங்கிலி, அவிழ்க்க வந்த தேவர்களை வாசலிலிருந்து பிடித்துத் தூக்கி எறிந்தேனே, மறந்துபோச்சா? ஹேராவைப் பொறாமைக்காரி என்று ஒரே சொல்லில் முடிப்பது எனக்கு ஒப்பவில்லை. பொறாமை இருந்தது, சரி. அது மேல்நோக்கிப் போக வழி இல்லை, ஆகவே கீழே இறங்கியது. இயோ, லீட்டோ, செமிலி என்று ஜீயஸின் கண் பட்ட எளியவள் ஒவ்வொருத்தி தலையிலும்.

வியாழன், ஒலிம்பியா

நேற்று முழுக்க வண்டி மாறியதில் போய்விட்டது. சொல்ல ஒன்றும் இல்லை.

ஒலிம்பியாவில் பெரிய வீடு ஜீயஸுக்கு, முதல் வீடு ஹேராவுக்கு. அவளுடைய கோயில் கி.மு. 600ஐ ஒட்டியது, அவனுடையது அதற்கு ஒன்றரை நூற்றாண்டு பிந்தியது. சிற்பி ஃபிடியஸ் செய்த, சுமார் 12 மீட்டர் உயரச் சிலை இருந்த அந்தக் கோயிலின் தூண்கள் நிலநடுக்கத்தில் சாய்ந்தபடியே வரிசையாகக் கிடக்கின்றன. ஹேரா கோயிலில் சில தூண்கள் நிற்கின்றன. இன்றைக்கும் ஒலிம்பிக் சுடரை ஏற்றுவது அவள் வாசலில்தான்.

விளையாட்டரங்குக்குப் போகும் வழியோரம் காலிப் பீடங்கள் வரிசையாக இருக்கின்றன. போட்டியில் லஞ்சம் கொடுத்தவர்களிடம் அபராதம் வாங்கி, அந்தப் பணத்தில் செய்த வெண்கல ஜீயஸ் சிலைகள் நின்ற பீடங்கள். கி.மு. 388இல் யூபோலஸ் என்ற குத்துச்சண்டைக்காரன் எதிராளிகளுக்குப் பணம் கொடுத்து மாட்டிக்கொண்டதில் தொடங்கியது. குயிலாகவும் காளையாகவும் வேஷம் போட்டு ஏமாற்றியவனைத்தான் ஏமாற்றாதே என்று எச்சரிக்க நிறுத்தியிருக்கிறார்கள். அக்கா வெகுநேரம் சிரித்தாள்.

அருங்காட்சியகத்தில் ஒரு தனியறை. உள்ளே ஹெர்மஸ், கையில் குழந்தை டயோனிசஸ். ஆள் உயரத்துக்கு மேல், இரண்டு மீட்டருக்கும் கொஞ்சம் அதிகம். இடது கையை ஒரு மரத்தண்டின் மேல் ஊன்றி, அந்த முழங்கை மடிப்பில் குழந்தையை உட்கார வைத்திருக்கிறான். மரத்தண்டின் மேல் ஒரு துணி தொங்குகிறது, அதன் மடிப்புகள் கல் என்று நம்ப நேரம் பிடிக்கும். வலது கை முழங்கைக்கு மேலேயே உடைந்திருக்கிறது. அதில் திராட்சைக் குலை இருந்திருக்கும் என்று ஊகம், ஏனென்றால் குழந்தை அந்தப் பக்கம்தான் எட்டுகிறது. ஹெர்மஸ் குழந்தையைப் பார்க்கவில்லை. கொஞ்சம் தள்ளி, வேறு எதையோ பார்க்கிறான். சிற்பி பிராக்ஸிடிலிஸின் கையே செய்ததா, பிற்காலப் பிரதியா என்ற வாதம் ஓயவில்லை. எனக்கு அது முக்கியமாகப் படவில்லை.

கதை இது. செமிலி ஜீயஸின் பிள்ளையைச் சுமந்தபோது, ஹேரா வயதான செவிலித்தாய் வேஷத்தில் வந்து, வருகிறவன் நிஜமாகவே ஜீயஸ்தானா, முழு உருவத்தில் வரச்சொல்லிப் பார் என்று கிளப்பிவிட்டாள். அவன் இடியும் மின்னலுமாக வந்தான், செமிலி எரிந்தாள். வயிற்றிலிருந்த பிள்ளையைத் தன் தொடையில் வைத்துத் தைத்துக்கொண்டான் ஜீயஸ். பிறந்ததும் ஹெர்மஸிடம் கொடுத்தான். ஹெர்மஸ் முதலில் செமிலியின் சகோதரி இனோ வீட்டில் விட்டான். ஹேரா அந்தக் குடும்பத்துக்கே பைத்தியம் பிடிக்கவைத்தாள். அப்புறம் நைசா மலையின் வனதேவதைகளிடம் தூக்கிக்கொண்டு போனான். இந்தச் சிலை அந்த வழியில் ஒரு கணம். ஹேரா கண்ணில் படாமல் ஒளித்துக் கொண்டுபோகிற பிள்ளை.

1877இல் இதை மண்ணிலிருந்து எடுத்த இடம் ஹேராவின் கோயில். அங்கேதான் அது இருக்கிறது என்று பாசேனியஸ் எழுதியிருந்தார், அப்படியே கிடைத்தது. யாரிடமிருந்து ஓடினார்களோ அவள் வீட்டுக்குள்ளேயே கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறார்கள். வேண்டுமென்றே செய்த குறும்பா, இடம் இருந்தது வைத்தார்களா, எப்படியும் எனக்குப் பிடித்திருக்கிறது. ஏனென்றால் கதையின் மறுபாதியும் அப்படித்தான். தன்னை ஒலிம்பஸிலிருந்து தூக்கிப்போட்ட தாய் ஹேராவைப் பழிவாங்க, கொல்லர் தெய்வம் ஹெஃபைஸ்டஸ் ஒரு தங்கச் சிம்மாசனம் செய்து அனுப்பினான். உட்கார்ந்தாள், கண்ணுக்குத் தெரியாத கட்டுகள் பிடித்துக்கொண்டன. போர்த் தெய்வம் ஆரீஸ் போய் மிரட்டிப் பார்த்தான், நடக்கவில்லை. டயோனிசஸ் போனான், ஹெஃபைஸ்டஸுக்கு ஊற்றிக்கொடுத்து, கழுதைமேல் ஏற்றி, தள்ளாடத் தள்ளாட மேலே அழைத்துவந்து கட்டை அவிழ்க்க வைத்தான். அவள் துரத்திய பிள்ளைதான் அவளை எழுப்பிவிட்டான். ஒலிம்பஸில் அவனுக்கு ஓர் இருக்கை கிடைத்தது.

சனி, டெல்ஃபி

ரியோ–ஆன்டிரியோ பாலம் வழியாக வந்தோம். 2004இல் திறந்தது, கிட்டத்தட்ட மூன்று கிலோமீட்டர். மழை பிடித்துக்கொண்டதால் மலையில் அதிக நேரம் நிற்க முடியவில்லை.

டெல்ஃபி அப்போலோவின் சொத்து என்று பொதுவாகச் சொன்னாலும் பத்திரத்தில் பல பெயர். ஆதியில் பொசைடனுக்கும் இதில் பாத்தியதை இருந்தது, கலௌரியா தீவை வாங்கிக்கொண்டு விட்டுக்கொடுத்தான் என்கிறார்கள். அப்போலோ கோயிலுக்குள்ளேயே அவனுக்கு ஒரு பலிபீடம் இருந்தது. குளிர்காலம் மூன்று மாதம் டயோனிசஸின் முறை. அப்போலோவின் பாட்டை நிறுத்திவிட்டு அவனுடைய பாட்டைப் பாடுவார்கள். இங்கே பூசாரியாகவே இருந்த புளுடார்க் சொல்வது, ஆகவே நம்பலாம். கி.மு. 4ஆம் நூற்றாண்டுக் கோயிலின் கிழக்கு முகப்பில் அப்போலோ, மேற்கு முகப்பில் டயோனிசஸ். தகராறே இல்லாமல் நடந்த முறை இது ஒன்றுதான் போல.

அருங்காட்சியகத்தில் இரட்டையர் போல இரண்டு இளைஞர் சிலைகள், கி.மு. 6ஆம் நூற்றாண்டின் தொடக்கம். உடம்பில் துணி இல்லை, காலில் மட்டும் செருப்பு மாதிரி ஒன்று. கிளியோபிஸும் பைடனும் என்று பெரும்பாலும் சொல்கிறார்கள். வரலாற்றாசிரியர் ஹெரோடோடஸ் சொல்லும் கதையில், செவ்வாயன்று நாங்கள் போன ஹெராயோன் திருவிழாவுக்குத் தாயைக் கூட்டிப்போக வண்டிமாடு நேரத்துக்கு வரவில்லை. பிள்ளைகள் இருவரும் நுகத்தில் தோளைக் கொடுத்து 45 ஸ்டேடியா, நம் கணக்கில் எட்டுக் கிலோமீட்டர் இழுத்துப்போனார்கள். பூரித்த தாய், மனிதனுக்கு எது சிறந்ததோ அதை என் பிள்ளைகளுக்குக் கொடு என்று ஹேராவை வேண்டினாள். பிள்ளைகள் கோயிலிலேயே படுத்துத் தூங்கினார்கள், எழுந்திருக்கவில்லை.

அக்கா அந்தச் சிலைகளைப் பார்க்க மறுத்துவிட்டாள். "இதுக்குப் பேர் வரமா?" என்று கேட்டுவிட்டு மழையில் வெளியே போனாள். சாகாதவர்கள் சாவைப் பரிசாகக் கொடுப்பது எனக்கும் ஜீரணமாகவில்லை.

செவ்வாய், லிடோகோரோ

ஒலிம்பஸ் மேகத்துக்குள் இருக்கிறது. உச்சி மிட்டிகாஸ், 2,917 மீட்டர். மனிதன் முதலில் ஏறியது 1913இல், இந்த ஊர்க்காரர் கிறிஸ்டோஸ் ககலோஸ் இரண்டு சுவிட்சர்லாந்துக்காரர்களைக் கூட்டிக்கொண்டு போனபோது. பக்கத்துச் சிகரத்துக்கு ஜீயஸின் சிம்மாசனம் என்று பெயர். எங்கள் இருவரின் முழங்காலுக்கும் இது சரிப்படாது. பிரியோனியா வரை வண்டியில் போய், பீன்ஸ் சூப் குடித்துவிட்டு இறங்கினோம்.

காலையில் அடிவாரத்து டியோன். ஜீயஸின் ஊர், ஆசியப் படையெடுப்புக்கு முன் அலெக்ஸாண்டர் பலி கொடுத்த இடம். ஆனால் அங்கே மனதில் நின்றது எகிப்தியப் பெண்தெய்வம் இசிஸின் கோயில். நிலத்தடி நீர் ஏறி, தண்ணீருக்குள் நிற்கிறது. எகிப்துக்கு ஓடிய இயோ அங்கே பழைய உருவம் பெற்றாள், இசிஸ் என்பது அவள்தான் என்று கிரேக்கர்கள் சொல்லிக்கொண்டார்கள். ஹேரா நாடு விட்டு நாடு துரத்திய பெண் தெய்வமாகத் திரும்பி, ஒலிம்பஸின் காலடியிலேயே கோயில் கட்டிக்கொண்டுவிட்டாள். அக்காவுக்கு இந்தப் பயணத்தில் முழுத் திருப்தி தந்த இடம் இதுதான்.

சாயங்காலம் காபிக்கடை வாசலில் உட்கார்ந்து, இவர்களுக்குள் யாராவது நிஜமான சிநேகிதர்கள் உண்டா என்று அவள் கேட்டாள். அதீனாவும் பொசைடனும் ஒரு தடவை ஒன்று சேர்ந்தார்கள். ஹேராவையும் சேர்த்துக்கொண்டு ஜீயஸைக் கட்டிப்போட. கடல்தேவதை தீட்டிஸ் ஓடிப்போய் நூறு கையுள்ள பிரையாரியஸை அழைத்துவந்து ஜீயஸின் பக்கத்தில் உட்கார வைத்தாள். மூவரும் சத்தமில்லாமல் கலைந்தார்கள். அதைச் சிநேகிதம் என்று சொல்ல முடியாது.

நான் சொன்னது ஹெர்மஸும் அப்போலோவும். ஹெர்மஸ் பிறந்த அன்றே ஓர் ஆமையைப் பிடித்து, ஓட்டில் ஏழு ஆட்டு நரம்பு கட்டி யாழ் செய்தான். அன்றிரவே அண்ணன் அப்போலோவின் ஐம்பது மாடுகளைப் பின்பக்கமாக நடத்தி ஓட்டிப்போனான். வழக்கு இந்த மலைமேல்தான் நடந்தது. தொட்டில் பிள்ளை, எனக்கு மாடு என்றால் என்னவென்றே தெரியாது என்று சாதித்ததைக் கேட்டு ஜீயஸ் சிரித்துவிட்டான். அப்புறம் ஹெர்மஸ் யாழை மீட்டினான். இது ஐம்பது மாட்டுக்கு ஈடு என்றான் அப்போலோ. யாழ் அப்போலோவுக்கு, மாட்டுமந்தை ஹெர்மஸுக்கு. அதோடு முடியவில்லை. நீ என் யாழையும் வில்லையும் திருடிவிடுவாய் என்று பயமாக இருக்கிறது, சத்தியம் செய் என்றான் அப்போலோ. ஹெர்மஸ் தலையசைத்தான். சாகாதவர்களில் உன்னைவிட எனக்கு வேண்டியவன் யாருமில்லை என்று அப்போலோவும் வாக்குக் கொடுத்தான்.

"சத்தியம் வாங்கிட்டா பழகுறது?" என்றாள் அக்கா.

அவர்களுக்குள் வேறு வழி இல்லை. பாதாளத்து ஸ்டிக்ஸ் ஆற்றின்மேல் சத்தியம் செய்து மீறிய தேவனுக்கு என்ன தண்டனை என்று பழங்கவி ஹெசியோட் சொல்கிறார்: ஒரு வருடம் மூச்சுப்பேச்சில்லாமல் கிடக்க வேண்டும், அதற்குப் பின் ஒன்பது வருடம் சபையிலும் சேர்க்கமாட்டார்கள், பந்தியிலும் சேர்க்கமாட்டார்கள். பத்தாவது வருடம் வந்து பழையபடி தன் இடத்தில் உட்கார்ந்துகொள்ளலாம்.

"ஊர்விலக்கு," என்றாள் அக்கா. "அதுகூட ஒன்பது வருஷம்தானா?"